'தே' என்ற ஓரெழுத்துச் சொல் எங்களுக்கு எந்த வழியாக வந்தது?

வெள்ளவத்தை வாசகன்:

அண்மையில் கொழும்பில் நடைபெற்ற ஒரு பாடசாலைத் தமிழ்த்தின விழாவில் உரையாற்றிய ஒருவர், 'தேயிலை' என்பது தேய்த்து உருட்டப்படும் இலை என்ற பொருளில் அமைந்த தூய தமிழ்ச்சொல் என்றும், அதன் முதலெழுத்தைச் சீனத்தோடு தொடர்புபடுத்துவது தமிழைத் தாழ்த்தும் செயல் என்றும் கூறினார். மண்டபம் கைதட்டியது. பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கருத்து தவறானது என்று நான் உறுதியாக நம்புவதால் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

சீனத்தில் இந்தச் செடிக்கும் பானத்துக்கும் ஒரே எழுத்துத்தான் உண்டு. ஆனால் அதை வாசிக்கும் ஒலி இடத்துக்கு இடம் மாறுகிறது. வடக்கிலும் கன்ரன் பகுதியிலும் அது 'சா'. ஃபூஜியன் கரையோரத்தில் 'மின்' எனப்படும் சீனக் கிளைமொழியில் அது 'தே'. உலக மொழிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றையே எடுத்துக்கொண்டன. மக்காவில் 1557இல் குடியேறிய போர்த்துக்கேயர் 'சா' என்றனர். பாரசீகத்தின் 'சாய்' இந்தி, உருசியம், துருக்கியம் ஆகியவற்றுக்குள் பரவியது. அரபு அதை 'ஷாய்' ஆக்கியது. பத்தாவியாவை (இன்றைய ஜகார்த்தாவை) தளமாகக் கொண்டு ஃபூஜியன் வணிகரோடு கொள்முதல் செய்த ஒல்லாந்தரோ 'தே' என்ற ஒலியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகள் அந்த வழியில் நிற்கின்றன. சிங்களத்தின் 'தே'யும், எங்கள் தேத்தண்ணீர், தேநீர், தேயிலை ஆகியவற்றின் 'தே'யும் அதே வரிசையைச் சேர்ந்தவை.

ஒல்லாந்தர் கொழும்பை 1656இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் கைப்பற்றி, 1796 வரை இந்தக் கரைகளை ஆண்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயரின் நாவில் அந்தச் சொல் ஏற்கனவே 'டீ' ஆகியிருந்தது. ஆகவே 'தே' எங்களுக்கு ஒல்லாந்தர் காலத்துக் கொடை என்பதே என் முடிவு.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

தம்பி, நீண்ட காலம் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சில கேள்விகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, 'தேய்' என்ற வினையும் 'இலை' என்ற பெயரும் சேர்ந்தால் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற விதிப்படி 'தேயிலை' என்ற வடிவமே கிடைக்கும். ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகைதான் அது. கொழுந்தைப் பறித்து, வாடவைத்து, உருளையில் இட்டுத் தேய்த்துத்தான் தேயிலை ஆக்குகிறார்கள். சொல்லும் பொருளும் பொருந்தி நிற்கும்போது, எதற்காகக் கடல் கடந்து தேட வேண்டும்?

இரண்டாவதாக, நன்னூல் எடுத்துரைக்கும் நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளில் 'தே'யும் ஒன்று. அங்கே அதற்குத் தெய்வம் என்பது பொருள். எங்களிடம் இல்லாத ஓர் எழுத்தை எவரும் எங்களுக்குத் தரவில்லை.

மூன்றாவதாக, 'தேன்' என்ற சொல்லுக்கு நன்னூலார் தனி விதியே வகுத்திருக்கிறார். வல்லினம் வந்தால் இறுதி னகரம் கெட்டு, வந்த எழுத்து மிகலாம்; தேன், குழம்பு என்பன சேர்ந்து 'தேக்குழம்பு' ஆகும். அப்படியானால் தேனும் தண்ணீரும் சேர்ந்து 'தேத்தண்ணீர்' ஆவதற்கு இலக்கணத் தடை எதுவும் இல்லை. இனிப்பான சுடுபானத்துக்குத் தேன் என்ற அடை வந்தது என்று கொள்ளவும் இடமுண்டு. எடுத்த எடுப்பிலேயே அயல்மொழியைக் கைகாட்டும் வழக்கம், கொழும்பில் ஆங்கிலத்திலேயே சிந்திக்கத் தொடங்கிவிட்ட எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் தானாக எதையும் ஆக்கவில்லை என்ற எண்ணத்தைத் தந்துவிடும் என்பதே என் கவலை.

வெள்ளவத்தை வாசகன்:

ஆசிரியர் ஐயாவின் கவலையை மதிக்கிறேன்; ஆனால் அவர் எடுத்த அதே இலக்கணத்தை இறுதிவரை கொண்டுபோனால் அது வேறொரு முடிவையே தருகிறது.

எங்களிடம் இலைக்கு ஒரு சொல்லும் பானத்துக்கு ஒரு சொல்லும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அடியைக் காட்ட வேண்டும். அடி 'தேய்' என்றால் இலை 'தேயிலை' ஆகும் என்பது சரி. ஆனால் பானம் 'தேய்தண்ணீர்' என்றே வர வேண்டும். குடிதண்ணீர் என்ற வினைத்தொகையில் தகரம் மிகாததைப் போல அங்கும் மிகாது, யகரமும் கெடாது. அடி 'தேன்' என்றால் பானம் 'தேத்தண்ணீர்' ஆகலாம் என்பதும் சரி. ஆனால் இலை 'தேனிலை' என்றே வந்திருக்கும். ஒரு விளக்கம் இலைக்குப் பொருந்திப் பானத்தில் தடுமாறுகிறது. மற்றது பானத்துக்குப் பொருந்தி இலையில் தடுமாறுகிறது. 'தே' என்ற பெயரை அடியாகக் கொண்டால் மட்டுமே இரண்டும் இயல்பாக அமைகின்றன: ஏகாரத்தின் முன் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வரலாம் என்ற விதிப்படி தேயிலை, வல்லினம் மிகுந்து தேத்தண்ணீர், மெல்லினம் இயல்பாய் நிற்கத் தேநீர். காலி வீதிக் கடைப்பலகைகள் சிலவற்றில் காணப்படும் 'தேனீர்' என்ற எழுத்துக்கூட்டலும் இந்தத் தேன் மயக்கத்தின் விளைவே. ஆகவே அதைத் திருத்த வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

நன்னூலின் 'தே' தெய்வத்தைக் குறிக்கும் வேறொரு சொல். ஒலி ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. ஸ்பானியத்தில் 'உன்னை' என்று பொருள்படும் 'தே' ஒன்று இருப்பதால்தான், பானத்தைக் குறிக்கும் 'தே'யின் மேல் ஒரு குறியிட்டு அவர்கள் எழுதுகிறார்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

தம்பியின் வாதம் ஒழுங்கானது. ஆனாலும் அது பேச்சு வழக்கின் இயல்பைக் கணக்கில் எடுக்கவில்லை. 'தேயிலைத் தண்ணீர்' என்ற நீண்ட தொடரை நாள்தோறும் பலமுறை சொல்லும் வாய், நடுவிலுள்ளதை விழுங்கித் 'தேத்தண்ணி' ஆக்கியிருக்கக் கூடாதா? தகரம் மிகுந்திருப்பதற்கும் அதுவே விளக்கமாகிறது. தேயிலை, தண்ணீர் என்பவற்றுக்கிடையே மிகுந்த தகரமே சுருங்கிய வடிவத்திலும் தங்கிவிட்டது. 'தேநீர்' பிற்காலத்தில் எழுத்தாளர் ஆக்கிய சொல். அப்படிப் பார்த்தால் 'தேய்' என்ற அடிக்கு எந்தக் குறைவும் இல்லை.

ஊவா மகள்:

பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் தொழில் செய்பவள் என்பதால், இந்தச் சொல்லோடு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஒரு விடயம். தோட்டத்தில் ஆலைக்குள் நடக்கும் அந்த வேலைக்கு எங்கள் பெற்றோர் 'தேய்த்தல்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. இலையை 'அரைக்கிறார்கள்' என்றே சொல்வார்கள். செடியில் நிற்கும்போதும் அது 'தேயிலை'தான், இன்னும் எந்த உருளையிலும் ஏறவில்லை. மலையில் நிற்கும் செடிக்குத் தேயிலைச் செடி என்றும், பறிக்கும் தளிருக்குக் கொழுந்து என்றும், கிண்ணத்தில் இறங்கும் நிறத்துக்குச் சாயம் என்றும் தனித்தனியே பெயர் உண்டு. இந்தச் 'சாயம்' வடக்கின் 'சாய்' என்ற சொல்லோடு உறவுடையது என்று சிலர் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அது பொருந்தாது, துணிக்கு ஏற்றும் சாயமே அது.

சுருக்கம் என்ற விளக்கத்துக்கும் ஒரு தடை இருக்கிறது. தெலுங்கில் தேயிலையைத் 'தேயாக்கு' என்கிறார்கள். 'ஆக்கு' என்பது அங்கே இலை. தமிழர் சொல்லின் பிற்பகுதியைத் தெலுங்கர் தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டு முற்பகுதியை அப்படியே வைத்திருக்கிறார்கள், அல்லது இருவரும் தனித்தனியே 'தே'யோடு தத்தம் இலையைச் சேர்த்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் 'தே' தனியாகப் பிரித்தறியப்பட்ட ஒரு சொல்லாக இருந்திருக்கிறது. சிங்களத்தில் அது 'தே கொள'. அங்கும் கொள என்பது இலை. மூன்று மொழிகளிலும் இலை மாறுகிறது, 'தே' மாறவில்லை.

எனினும் வெள்ளவத்தை அண்ணாவோடும் எனக்கு உடன்பாடில்லை. 'தேயிலை' தமிழகத்திலும் வழங்குகிறது. மலையாளத்தில் அது 'தேயில'. இலங்கைக் கரையில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அவ்வளவு தூரம் எப்படிப் போனது? பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்வைத்தார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்களிடம் இருந்தது. கொச்சி 1663 முதல் 1795 வரை. தெலுங்கு, தமிழ், மலையாளம் ஆகிய மூன்று கரைகளிலும் அவர்களின் பண்டகசாலைகள் இருந்தன, மூன்று மொழிகளிலும் 'தே'யும் இலையும் சேர்ந்த கூட்டுச்சொல் இருக்கிறது. ஆகவே அந்தச் சொல் அக்கரையில் உருவாகி, எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த காலத்தில் அவர்களோடு சேர்ந்து வந்தது என்பதே என் எண்ணம்.

தெஹிவளைச் சட்டத்தரணி:

ஒலி பற்றி ஒரு குறிப்பு மட்டும். புதுக்கடை நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வரிசையாகத் தொங்கும் பலகைகளில் 'பிரசித்த நொத்தாரிசு' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல் ஒல்லாந்தரின் 'நொதாரிஸ்'. பழைய தலைமுறையினர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பார்கள். அது அவர்களின் 'கந்தோர்' என்ற சொல்லேதான். வீட்டு முகப்பை 'இஸ்தோப்பு' என்பதும் அப்படியே. ஒல்லாந்தரின் தகரம் எங்கள் வாயில் பல்லில் படும் தகரமாகவே விழுந்தது என்பதற்கு இவை போதிய சான்று. ஆங்கிலத்தின் அதே எழுத்து அப்படி விழவில்லை: கொழும்பில் 'டிக்கட்', யாழ்ப்பாணத்தார் எழுத்தில் 'ரிக்கற்'. அதனால்தான் ஆங்கிலவழி வந்தது கொழும்பில் 'பிளேன்டீ' ஆகவும் யாழ்ப்பாணத்தில் 'பிளேன்ரீ' ஆகவும் இருக்கிறது. சிங்களவரும் 'தே' என்பதையும் 'பிளேன் டீ' என்பதையும் இரண்டு வேறு ஒலிகளோடு ஒரே நாளில் சொல்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு ஒலிகள் இருப்பது, இரண்டு வேறு வருகைகள் நடந்ததைக் காட்டுகிறது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

சட்டத்தரணி அவர்கள் தமக்குச் சாதகமான சாட்சிகளை மட்டும் அழைத்திருக்கிறார். 'துட்டு' என்ற சொல்லை ஒல்லாந்தரின் சிறு நாணயமான 'டொய்ட்' என்பதிலிருந்து வந்ததாகவே அகராதியாளர் கொள்கிறார்கள். அங்கே ஒல்லாந்தரின் தகரம் 'ட்டு' ஆகியிருக்கிறதே? விதி என்றால் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும்.

மேலும், ஆங்கிலேயர் எப்போதும் 'டீ' என்றார்கள் என்பதும் பிழை. அவர்களின் கவிஞர் அலெக்சாண்டர் போப் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஒபே' என்ற சொல்லோடு இந்தச் சொல்லை இயைபாக அமைத்தார். அன்று அவர்கள் அதை 'டே' என்றே ஒலித்தார்கள். சென்னையில் 17ஆம் நூற்றாண்டிலேயே கோட்டை கட்டியிருந்த ஆங்கிலேயரிடமிருந்து அந்த உயிரொலி வந்திருக்கக் கூடாதா?

தெஹிவளைச் சட்டத்தரணி:

'துட்டு' பற்றிய கேள்வி நியாயமானது. அதில் மாறிய எழுத்து சொல்லின் இறுதியில் நிற்கிறது. இகரச் சாயலுள்ள உயிரை அடுத்து நின்ற மெய் அது. சொல்லின் முதலிலும், கந்தோர், நொத்தாரிசு என்பவற்றைப் போல உயிருக்கு முன்னும் நிற்கும் தகரத்தை அதனோடு ஒப்பிட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே 'துட்டு' என்ற சொல்லின் முதலில் நின்ற ஒல்லாந்த எழுத்து தகரமாகவே வந்திருக்கிறது.

ஆங்கிலேயரின் பழைய உயிரொலி பற்றி ஐயா கூறியது சரி. ஆனால் உயிர் பொருந்தினாலும் மெய் பொருந்தவில்லை. ஆங்கிலேயரின் 'டே' எங்களிடம் வந்திருந்தால் டகரத்தோடு வந்திருக்கும்.

மலே வீதி:

கொம்பனித்தெருவில் வாழும் மலாய்க் குடும்பமொன்றின் மகள் நான். தமிழ்வழியில் கல்வி கற்றேன். இவ்வளவு நேரமும் ஒல்லாந்தரைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர்களோடு வந்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஒல்லாந்தக் கும்பனி யாவா, அம்போன் முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர்களையும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் ஊழியர்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தது. அவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய இலங்கை மலாயர். மலாய் மொழியில் இந்தப் பானம் 'தே'. பத்தாவியாவில் ஃபூஜியன் வணிகரோடு ஒல்லாந்த மேலாளர் பேசியது ஓரளவுதான். சந்தையில் அவர்களோடு நாளாந்தம் பழகியவர்கள் மலாய் பேசியவர்கள். மலாய்த் தகரம் பல்லில் படும் தகரம். எந்த ஒலிமாற்றமும் இல்லாமலே அது தமிழிலும் சிங்களத்திலும் அமர்ந்துவிடும்.

கோப்பியையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். தமிழகத்தில் அது 'காப்பி'; இலங்கையில் தமிழருக்கும் சிங்களவருக்கும் அது ஓகாரத்தோடுதான் வழங்குகிறது. மலாயில் அது 'கோப்பி'. ஒல்லாந்தர் 'கொஃபி' என்பார்கள். அதிலுள்ள உரசொலி மலாயில் பகரமாகிவிட்டது. எங்களிடமும் பகரம்தான் இருக்கிறது. இரண்டு பானங்களின் பெயர்களும் ஒரே திசையைக் காட்டும்போது, அந்தத் திசையில் கொழும்பின் கோட்டைக் காவலுக்கு நின்ற சாதாரண மனிதர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சொற்கள் ஆளுநரின் மேசையிலிருந்து ஊருக்குள் இறங்குவதை விட, காவலர் குடியிருப்பின் அடுப்படியிலிருந்து பரவுவதே எளிது.

வெள்ளவத்தை வாசகன்:

சகோதரியின் கருத்து மிகவும் பெறுமதியானது. ஒல்லாந்தர் காலம் என்ற என் முடிவை அது அசைக்கவில்லை, அந்தக் காலத்துக்குள் யாருடைய நாக்கு என்ற கேள்வியை எழுப்புகிறது. எனினும் கோப்பி பற்றிய சான்றில் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழில் உரசொலி எப்படியும் பகரமாகவே மாறும். அதற்கு மலாயின் உதவி தேவையில்லை. ஓகாரமும் ஒல்லாந்த வடிவத்திலேயே இருக்கிறது. ஆகவே கோப்பி இரண்டு வழிகளுக்கும் சமமாகப் பொருந்தும்.

புறக்கோட்டை வணிகன்:

எல்லோரும் ஐரோப்பியரின் கப்பலுக்காகக் காத்திருக்கிறீர்கள். எங்கள் கப்பல் எங்கே போயிற்று?

ஃபூஜியன் மாநிலத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழும் சீனமும் பொறிக்கப்பட்ட 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பினார்கள். 'தே' என்ற ஒலி வழங்கும் அதே கரை அது. சோழரின் தூதுக்குழுக்கள் 11ஆம் நூற்றாண்டிலேயே சீன அரசவைக்குப் போயிருக்கின்றன. இங்கே கொழும்புத் தேசிய நூதனசாலைக்குள் போய்ப் பாருங்கள். காலியில் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு அங்கே நிற்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே காலத்தில் எழுந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. சீனத்தோடு நேரே வணிகம் செய்த ஓர் இனம், அந்த நாட்டின் முதன்மையான பானத்தின் பெயரை ஐந்நூறு ஆண்டு கழித்து ஒல்லாந்தரிடமிருந்து கற்றுக்கொண்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆசிரியர் ஐயா தேடும் தமிழின் பெருமையும் அந்தக் கடல்வழியில்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

வணிக நண்பரின் கருத்து என் மனதுக்கு உவப்பானது என்பதை மறைக்கவில்லை. 'தேய்' என்ற அடியை நான் கைவிடவில்லை. ஆனால் அயல்மொழித் தொடர்பு என்றே கொள்ள வேண்டுமானால், ஆளப்பட்டவராக அல்லாமல் வணிகராக நின்று பெற்ற சொல் என்ற விளக்கத்தையே முதலில் ஆராய வேண்டும்.

ஊவா மகள்:

வணிக அண்ணா, சுவான்சௌ கல்வெட்டும் காலிக் கல்வெட்டும் உண்மையான சான்றுகள். அவை எதற்குச் சான்று என்பதுதான் கேள்வி. காலிக் கல்லில் ஆலயத்துக்கு வழங்கிய பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் முதலியன பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. சுவான்சௌவில் வாழ்ந்த தமிழர் அந்தப் பானத்தைக் குடித்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே குடித்தவர் ஊருக்குத் திரும்பியபின், பொருள் ஊருக்குள் வராத இடத்தில் பெயர் மட்டும் எப்படி நிலைக்கும்? தமிழரின் சோற்றையும் கள்ளையும் தேனையும் பானகத்தையும் பாடிய பழைய புலவர் எவரும் இந்தப் பானத்தைப் பாடவில்லை. பட்டும் பீங்கானும் அங்கிருந்து வந்தன. இலை வந்து அடுப்பேறியது பிந்திய கதை.

மலையாளத்தையும் பாருங்கள். இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். கடையில் வாங்கும் இலை அவர்களுக்குத் 'தேயில', கிண்ணத்தில் குடிப்பது 'சாய'. இலையின் பெயர் ஒரு வழியாகவும் பானத்தின் பெயர் இன்னொரு வழியாகவும் வந்திருக்கின்றன. முந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்தே இருந்தும் ஒன்று மற்றதை விழுங்கவில்லை. கொச்சியில் பண்டகசாலை வைத்திருந்த கும்பனியிடமிருந்து விற்பனைப் பொருளின் பெயரும், அரபிக்கடல் வழியாகவோ போர்த்துக்கேயரிடமிருந்தோ குடிக்கும் பழக்கத்தின் பெயரும் வந்தன என்று கொண்டால், அந்தப் பிரிவு விளங்குகிறது. பழந்தமிழ் வணிகர் சுவான்சௌவிலிருந்து கொண்டுவந்த சொல்லாக இருந்தால், இலைக்கும் பானத்துக்கும் ஒரே பெயரே எங்கும் நிலைத்திருக்க வேண்டும்.

கூட்டுச்சொல் என்பதற்காக நாம் தயங்கவும் தேவையில்லை. போலந்து மொழியில் இந்தப் பானம் 'ஹெர்பாத்தா'. மூலிகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு 'தே'யின் இலத்தீன் வடிவம் சேர்ந்து உருவானது அது. லித்துவேனியர் அதையே 'அர்பாத்தா' என்கிறார்கள். புதிய பொருள் வந்ததும், தெரிந்த சொல்லான மூலிகையை அங்கே சேர்த்தார்கள். இங்கே இலையைச் சேர்த்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மக்கள் கூட்டத்தார் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தை வாசகன்:

தங்கச்சியின் மலையாளச் சான்று வலுவானது. ஆனால் அதே சான்று அவருடைய அக்கரைக் கொள்கையை முழுமையாகத் தாங்கவில்லை என்பதே என் வாதம். இலை பற்றிய சொல் நாகப்பட்டினம், கொச்சிக் கரைகளில் உருவாகியிருக்கலாம். பானம் பற்றிய சொல்லைப் பாருங்கள். மலையாளி 'சாய' குடிக்கிறார், தமிழகத்தார் அன்றாடப் பேச்சில் 'டீ' குடிக்கிறார், இலங்கையிலோ தமிழரும் முஸ்லிம்களும் 'தேத்தண்ணி' குடிக்கிறோம், சிங்களவர் 'தே' குடிக்கிறார்கள். பானத்தின் பெயராகவே 'தே' ஊன்றி நின்ற மண் இது. தோட்டத் தொழிலாளர் வந்த வழியில் அந்தச் சொல்லும் வந்தது என்றால், அவர்கள் புறப்பட்ட ஊர்களில் அது ஏன் பானத்தின் பெயராக நிலைக்கவில்லை?

இன்னொரு காலக் கணக்கும் இருக்கிறது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல்; கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது 1883இல். அந்தத் தொழில் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. 'பரேட்' என்பதைப் 'பிரட்டு' என்றும், 'லைன்' என்பதை 'லயம்' என்றும் தொழிலாளர் எடுத்துக்கொண்ட காலம் அது. இலையின் பெயரும் பானத்தின் பெயரும் அந்தத் தொழிலோடு வந்திருந்தால் அவையும் ஆங்கில உருவிலேயே வந்திருக்கும். முதலாளி 'டீ' என்று சொன்ன தோட்டத்தில் தொழிலாளி 'தேயிலை' என்றதன் காரணம், அந்தச் சொல் தோட்டத்துக்கு முன்பே தமிழில் இருந்தது என்பதே.

ஆசிரியர் ஐயாவுக்கு: ஆளப்பட்டவர் பெற்ற சொல் என்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆங்கிலேயரும் முதலில் 'சா' என்ற ஒலியையே எழுதினார்கள். பின்னர் 'தே' என்ற ஒலிக்கு மாறினார்கள். சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் 1660 செப்டெம்பர் 25ஆம் திகதி, சீனப் பானம் என்ற விளக்கத்தோடு இதைப் பதிவு செய்திருக்கிறார். எவரும் ஒல்லாந்தரை ஆண்டவராகக் கருதி அந்தச் சொல்லை எடுக்கவில்லை. சரக்கு எவரிடம் இருந்ததோ அவரிடமிருந்து பெயர் வந்தது.

மலே வீதி:

வெள்ளவத்தை நண்பர் 'பானத்தின் பெயராக ஊன்றிய மண் இது' என்று எழுதியது என் வாதத்துக்கே துணைசெய்கிறது. ஒல்லாந்தப் பண்டகசாலை அக்கரையிலும் இருந்தது, இக்கரையிலும் இருந்தது. அக்கரையில் 'தே' இலையோடு நின்றுவிட்டது, இக்கரையில் கிண்ணத்துக்குள் வந்தது. இரண்டு கரைகளுக்கும் பொதுவான ஒல்லாந்தரைக் காட்டி இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. இங்கே குடும்பம் குடும்பமாகக் குடியேறி, அதைக் காய்ச்சிக் குடித்த மலாயர் இருந்தார்கள் என்பதே வேறுபாடு. மலேசியாவில் இன்று தமிழரும் சீனரும் மலாயரும் ஒரே கடையில் 'தே தாரிக்' கேட்பதைப் போல, பழைய கொழும்பின் தெருக்களிலும் ஒரே சொல்லை மூன்று சமூகத்தார் பகிர்ந்திருக்கிறார்கள் என்று நான் கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:

நால்வரும் நான்கு வழிகளைக் காட்டுகிறீர்கள். ஒருவரேனும் 1796க்கு முற்பட்ட தமிழ் ஏடு ஒன்றிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்காட்டவில்லை. ஒலியை வைத்துச் செய்யும் ஊகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், எழுத்துச் சான்று வரும்வரை நான் பிள்ளைகளிடம் 'தே' ஒல்லாந்தச் சொல் என்று கூறமாட்டேன். பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, ஒல்லாந்தர் ஆட்சிக்கால ஆவணங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இளையவர்கள் அங்கே போய்த் தேடட்டும். 'தேநீர்' என்பதை தந்நகரமான 'ந'வோடுதான் எழுத வேண்டும் என்பதில் மட்டும் தம்பியோடு நான் முழுமையாக ஒன்றுபடுகிறேன். என் மாணவருக்கும் அப்படித்தான் கற்பித்தேன்.

ஊவா மகள்:

ஐயா கேட்ட எழுத்துச் சான்றைத் தேடும்போது ஒல்லாந்தரின் கொழும்பு ஆவணங்களோடு நின்றுவிடாமல், நாகப்பட்டினத்துக்கும் கொச்சிக்கும் உரியவற்றையும் சேர்த்தே தேட வேண்டும். அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் இது: தமிழகத்தில் பானத்தின் பெயர் 'டீ' ஆனது, அந்தப் பழக்கம் அங்கே ஆங்கிலேயர் காலத்தில் பரவியதால். இலையின் பெயரை அந்த 'டீ'யால் அசைக்க முடியவில்லை. கடைக்காரர் இன்றும் தேயிலைதான் நிறுத்துக் கொடுக்கிறார். பின்னர் வந்த சொல் பானத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இலையை விட்டுவிட்டது என்பது, இலையின் பெயர் அங்கே எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. ஆகவே 'தேத்தண்ணி' இந்தத் தீவில் உருவானது என்பதை நான் ஏற்கிறேன். 'தேயிலை' அக்கரையில் உருவானது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இரண்டு சொற்களையும் ஒரே துறைமுகத்தில் இறக்க முயல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றின் வழியையும் தனித்தனியே தேட வேண்டும்.